லாபம், ரெண்டு, மூணு

தியாகதுருகம்,
கார்த்திகை, ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் ஷாலினிக்கு அம்மா எழுதிக்கொள்வது. சாமி புண்ணியத்தில் இங்கே நாங்கள் மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மாடும் கன்றும்கூட சுகம்தான். நீ அந்த மஸ்கட்டில் வேளைக்குச் சாப்பிட்டு, டூட்டி முடிந்து வந்து தூங்க வேண்டிய நேரத்தில் தூங்கி, நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்பித்தான் இதை எழுத உட்கார்ந்தேன். போன் இருக்கும்போது அம்மாவுக்கு ஏன் இந்த வேலை என்று நீ சிரிப்பாய். கீழத்தெரு சுப்புராயன் மாமா மகன் தமிழழகன் லீவு முடிந்து நாளைக் கழித்து அங்கே கிளம்புகிறான், பார்சல் கொடுத்தால் கொண்டுபோய்த் தருகிறேன் என்று வீட்டுக்கே வந்து சொன்னான். பார்சலில் என்னென்ன இருக்கிறது என்று பிரித்தால் நீயே பார்த்துக்கொள்வாய். அதில் மடிக்காமல், இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து ஒரு தாளும் அனுப்பியிருக்கிறேன். முதலில் இந்தக் கடிதத்தைப் படி, அதற்கப்புறம் அந்த அட்டையைப் பிரி. நடுவில் அவசரப்பட்டுப் பிரித்துவிடாதே, உன் குணம் எனக்குத் தெரியும்.

போன வாரம் போனில் நீ சொன்னது எனக்கு இன்னும் காதிலேயே நிற்கிறது. பாப்பா என்னை மறந்துட்டாம்மா, போன்ல கூப்பிட்டா கூட வர மாட்டேங்கறா, பொங்கலுக்கு லீவு கேட்டு வந்து இன்னா ஆவப்போவுது, எனக்குப் பதிலா லீவு வேற யாருக்காவது போவட்டும் என்று சொன்னாயே. சொல்லிவிட்டு நீ சிரித்தாய், அந்தச் சிரிப்புதான் எனக்குப் பிடிக்கவில்லை. நான் வெறுமனே அப்படியெல்லாம் இல்லை கண்ணு என்று சொல்லி வைத்துவிட்டேன். எனக்கே உள்ளுக்குள் அந்தப் பயம் இருந்தது. நீ பிளஸ் டூ படிக்கும்போது உனக்குத் தங்கையாக அவள் பிறந்தாள், இந்த வயதில் இது தேவையா என்று ஊரே என்னைப் பார்த்துச் சிரித்தது, இப்போதும் பள்ளிக்கூட வாசலில் புதிதாகப் பார்ப்பவர்கள் பேத்திங்களா என்றுதான் கேட்கிறார்கள். நான் களை வெட்டப் போனால் நீதான் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் உன் புத்தகத்தைப் படித்துக்கொண்டே நடப்பாய். கள்ளக்குறிச்சியில் நர்சிங் படித்துவிட்டு சாயங்காலம் நீ பஸ்ஸை விட்டு இறங்குகிற சத்தம் அவளுக்கு எப்படித்தான் தெரியுமோ, என் மடியிலிருந்து இறங்கி ஓடிவிடுவாள். அப்படி ஓடின பிள்ளை இந்த ஆடியிலிருந்து போனில் உன் பேரைக் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறாள். இதில் போன வாரம் பள்ளிக்கூடத்திலும் அவள் வாயை மூடிக்கொண்டாள். அந்தக் கதையைத்தான் உனக்கு முழுசாக எழுதப் போகிறேன்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் இப்போது காலைச் சாப்பாடு போடுகிறார்கள் என்று உனக்குத் தெரியும். மகளிர் குழுவிலிருந்து சமைக்க என்னைப் போட்டிருக்கிறார்கள் என்பதையும் சொல்லியிருக்கிறேன். விடிகிற நேரத்துக்குப் போய் உப்புமாவோ கிச்சடியோ கிளறி, சாம்பார் வைத்து, பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு, பாத்திரம் கழுவ உட்கார்ந்தால் அந்தக் குழாய்க்கு நேர் எதிரில்தான் ஒன்றாம் வகுப்பு ஜன்னல். அதனால் நான் எதையும் எட்டிப் பார்க்கவில்லை, அதுவாகத்தான் காதில் விழுகிறது. டீச்சர் பேர் எழில்மதி, எலவனாசூர்கோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற பெண், உன்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். நாங்கள் படிக்கும்போது மாதிரி கையில் பிரம்பு வைத்துக்கொண்டு மிரட்டுவது எல்லாம் கிடையாது. கதை சொன்னால் கை பொம்மை வைத்துக்கொண்டு சொல்கிறாள், பாட்டுச் சொன்னால் அவளும் சேர்ந்து குதிக்கிறாள். ஒன்று, இரண்டு, மூன்று வகுப்புப் பிள்ளைகளையும் ஒரே ரூமில் வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து உட்கார வைத்திருக்கிறாள், நம் வீட்டுக் குட்டி அரும்பு.

திங்கட்கிழமை அளக்கிற பாடம். பிள்ளைகள் எல்லாரும் வீட்டிலிருந்து டம்ளர், கொட்டாங்கச்சி, தயிர் டப்பா என்று கிடைத்ததைக் கொண்டுவந்திருந்தார்கள். டீச்சர் குழாய்க்குப் பக்கத்து வேப்பமரத்தடியில் மணலைக் கொட்டி, ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டை நடுவில் வைத்து, இந்த பக்கெட்டு நிறைய எத்தனை டம்ளர் மணல் வேண்டும், ஒவ்வொருத்தராக வந்து எண்ணிக்கொண்டே போடுங்கள் என்றாள். மேலத்தெரு அஜித் போட்டான், ஒன்று இரண்டு என்று ஏழு வரைக்கும் சரியாகப் போய் அதற்கப்புறம் நேராகப் பத்துக்குத் தாவிவிட்டான். அடுத்து இலக்கியா. உன் தங்கையைப் பற்றி உனக்குத் தெரியுமே, எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டாள். டம்ளரைக் கூம்பாக நிரப்பி, கையால் தலையைத் தட்டி, பக்கெட்டில் கொட்டிவிட்டு, லாபம் என்றாள். அடுத்த டம்ளருக்கு ரெண்டு. அடுத்ததற்கு மூணு. உனக்குப் புரிந்திருக்கும். உன் அப்பா சாமை அளக்கும்போது சொல்வதுதானே அது. முதல் படியை ஒன்று என்று சொல்லி அவர் அளந்து நான் ஒரு நாளும் கேட்டதில்லை, அவருடைய அப்பாவும் சொன்னதில்லை, வெள்ளிமலையில் அவருக்குச் சாமை கொடுக்கிற செல்லியம்மாள்கூட லாபம் என்று சொல்லித்தான் அளந்து போடுவாள். ஞாயிற்றுக்கிழமையானால் அப்பாவோடு கச்சிராயபாளையம் பஸ்ஸில் ஏறி மலைக்குச் சாமை வாங்கப் போய்வருகிற பிள்ளைக்கு வேறு என்ன தெரியும். புளியங்கொட்டையை எண்ணச் சொன்னால் ஒன்று என்றுதான் ஆரம்பிப்பாள். அளக்கிற பாத்திரத்தைக் கையில் கொடுத்தால் அவளுக்கு முதலில் வருவது லாபம்தான்.

மற்ற பிள்ளைகளுக்கு இது எங்கே தெரியப்போகிறது, இப்போது எல்லார் வீட்டிலும் மெஷின் அறுத்து மூட்டையாகத் தராசில் ஏற்றிவிடுகிறார்கள். அஜித்துதான் முதலில் சிரித்தான், அதைப் பார்த்து மொத்த வகுப்பும் சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை, அவள் கையைத் தட்டி அடக்குவதற்குள் அவன் ஏய் லாபம் என்று இலக்கியாவுக்குப் பேரே வைத்துவிட்டான். என் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றுபோனது. இலக்கியா அழவில்லை. அழுதிருந்தாலாவது ஓடிப்போய்த் தூக்கியிருப்பேன். டம்ளரை மணலில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள், அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை டீச்சர் கை பொம்மையை வைத்துக்கொண்டு எழுத்துப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தாள், எல்லாரும் கத்தினார்கள், இவள் மட்டும் உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேர் கூப்பிட்டால் உள்ளேன் டீச்சர் என்று சொல்லவில்லை, கையை மட்டும் தூக்கினாள். அன்றைக்குக் காலையில் சாப்பாடு போடும்போது அஜித்துக்குச் சாம்பார் அரைக் கரண்டிதான் விழுந்தது, நான் பொய் சொல்லவில்லை. அவன் அந்த அரைக் கரண்டியைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான், எனக்கு மனசு கேட்கவில்லை, திரும்பக் கூப்பிட்டு நிறைய ஊற்றினேன். அவனும் குழந்தைதானே. ஆனால் சாயங்காலம் வீட்டிலும் அவள் பேசவில்லை. பசிக்கிறதா என்றால் தலையாட்டல், வலிக்கிறதா என்றால் தலையாட்டல். போனில் உன்னிடம் பேசாமல் போனது மாதிரி இப்போது எங்களிடமும் பேசாமல் போய்விடுவாளோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் மேலே கீழே பார்த்துவிட்டு, நான் சொல்லிக் குடுத்ததுதானே என்று மட்டும் சொன்னார், அன்றைக்குச் சோறு சரியாக இறங்கவில்லை அவருக்கு.

புதன்கிழமை பொங்கல் போடுகிற நாள், அவளுக்கு ரொம்பப் பிடிக்கும், அதையும் பாதி வைத்துவிட்டாள். வகுப்பில் கனமானது எது லேசானது எது என்று துணி மாட்டுகிற ஹேங்கரில் இரண்டு பக்கமும் டப்பா கட்டித் தராசு செய்து வைத்திருந்தாள் டீச்சர். கல்லும் இறகும் வைத்துப் பார்த்தார்கள், இவளும் வைத்தாள், கனமான பக்கத்தைச் சரியாகத் தொட்டும் காட்டினாள், வாய் மட்டும் திறக்கவில்லை. அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு ஆயம்மாள் அக்கா சாமை வாங்க வந்தது. உன் அப்பா சாக்கைப் பிரித்து, படியை எடுத்து, ஓரத்தில் உட்கார்ந்திருந்த இலக்கியாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, முதல் படியை அளந்து ஆயம்மாள் அக்கா பையில் போட்டுக்கொண்டே ஒண்ணு என்றார். ஷாலினி, இருபத்து நாலு வருஷமாக அந்த மனுஷனோடு குடித்தனம் செய்கிறேன், அவர் வாயிலிருந்து அதைக் கேட்டதும் எனக்கே என்னமோ போல ஆகிவிட்டது. ஆயம்மாள் அக்கா பையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, இன்னாப்பா புச்சா சொல்ற என்று கேட்டது. இலக்கியா எழுந்து வந்தாள். அந்தப் பையில் இருந்த சாமையைத் தன் இரண்டு கையாலும் அள்ளி அள்ளித் திரும்ப சாக்கில் போட்டாள். போட்டு முடித்துவிட்டு அவள் அப்பாவைப் பார்த்து, இரண்டு நாளில் முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

"மறுபடி அள. லாபம் சொல்லு."

உன் அப்பா படியைத் திரும்ப எடுத்தார். லாபம் என்று சொல்லி அளந்தார். அளந்து முடித்த பிறகு, ஏம்பா மொதல்ல லாபம் என்று அவள் கேட்டதற்கு, மொதப் படி வந்தாத்தான் மத்த படியெல்லாம் வரும் கண்ணு, அதனால அதுக்கு நம்பரு கெடயாது, பேருதான் என்று சொன்னார். அவள் அதைக் கேட்டுக்கொண்டு ரொம்ப நேரம் சாக்கின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரி, வாய் திறந்துவிட்டது, நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் பேசிவிடுவாள் என்று நானும் நிம்மதியாகப் படுத்தேன்.

எங்கே. வியாழக்கிழமை நான் டீச்சரிடம் விஷயத்தைச் சொன்னேன். ஐயோ, எங்க தாத்தா களத்துலயும் இப்படித்தாங்க சொல்லுவாங்க, அன்னைக்கு எனக்குச் சட்டுனு ஞாபகம் வரலீங்க என்று அந்தப் பெண் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். நல்ல மனசோடு ஒன்று செய்தாள், அது சரியாக வரவில்லை. மறுபடியும் மணலையும் பக்கெட்டையும் வகுப்புக்குள்ளேயே எடுத்து வைத்து, இன்றைக்கு எல்லாரும் இலக்கியா மாதிரி அளக்கலாம் என்று சொல்லி, முதல் டம்ளருக்கு எல்லாப் பிள்ளைகளையும் சேர்ந்து லாபம் என்று சொல்லவைத்தாள். பிள்ளைகள் ஆசையாகத்தான் கத்தினார்கள், அஜித் மற்ற எல்லாரையும்விடச் சத்தமாக. ஆனால் எல்லார் வாயிலும் அந்த வார்த்தையைக் கேட்டதும் இவளுக்குக் கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது, ஜன்னலுக்கு இந்தப் பக்கம் எனக்கும். வாய் இன்னும் இறுகிப்போனது. போகும்போது டீச்சர் என்னிடம் வந்து, இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம் அக்கா, அப்புறமும் பேசலைன்னா கள்ளக்குறிச்சில டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க, நானும் கூட வர்றேன் என்றாள். அவள் நல்லதுக்குத்தான் சொன்னாள். எனக்கு அன்றைக்கு உன்னைத்தான் தேடியது. நீ இருந்தால் அவளை இடுப்பில் தூக்கி வைத்து இரண்டே வார்த்தையில் சரி செய்திருப்பாய் என்று தோன்றியது. போன் போடலாம் என்று எடுத்துவிட்டு, டூட்டியில் இருப்பாய், அங்கே உட்கார்ந்து நீ அழுவாய் என்று வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை என் குடும்பம் என்று படம் வரைகிற பாடம். ஆளுக்கு ஒரு தாளும் நடுவில் கிரேயான் டப்பாவும் வைத்துவிட்டு, உங்கள் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் வரையுங்கள், வரைந்து எத்தனை பேர் என்று எண்ணிச் சொல்லுங்கள் என்றாள் டீச்சர். நான் அண்டாவைத் தேய்த்த இடத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இலக்கியா தாளை முழங்கையால் மறைத்துக்கொண்டு வரைந்தாள். பக்கத்தில் அஜித். அவன் எட்டி எட்டிப் பார்த்தான். அப்பா என்று மீசை வைத்து ஒரு ஆள், அவருக்கு நீலச் சட்டை. அம்மா என்று கரண்டியோடு ஒரு ஆள், எனக்கு நம் வீட்டில் இல்லாத ஒரு சிவப்புப் புடவை. தனக்குப் பச்சைப் பாவாடை. இவர்கள் எல்லாருக்கும் முன்னால் தாளின் முதல் ஓரத்தில் ஒரு பெண்ணைக் கறுப்புக் கோட்டில் வரைந்திருந்தாள், அது அப்பாவைவிட உயரம். அதற்கு மட்டும் கலர் இல்லை, தாள் தாளாகவே தெரிந்தது. அஜித் அதில் விரலை வைத்து, லாபம், இத்த ஏன் கலர் அடிக்காம வுட்டுட்ட என்று கேட்டான். அவன் சண்டைக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டான், பேரும் அவனுக்குப் பழகிப்போயிருந்தது. இவள் கிரேயானைக் கீழே வைத்தாள். அதற்கப்புறம் வந்தது பார் சத்தம், எதிர் வகுப்பு வாத்தியார்கூட வெளியே வந்து பார்த்தார்.

"நான் லாபம் இல்ல. இதான் லாபம். எங்க அக்கா. நான் ரெண்டு."

டீச்சர் மெதுவாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அக்கா எங்கே இருக்காங்க என்று கேட்டாள். மஸ்கட்டில், ஆஸ்பத்திரியில் ஊசி போடுறாங்க, அங்க வெள்ளை டிரஸ்தான் போடணும், நான் கலர் அடிச்சிருக்கேன், வெள்ளைக் கலர் அடிச்சிருக்கேன் என்று ஒரு வாரமாகச் சேர்த்து வைத்ததையெல்லாம் மூச்சு விடாமல் சொன்னாள். நான் அண்டாவை அப்படியே விட்டுவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன் ஷாலினி, அழுதேன், சமையல்காரம்மா அழுவுது என்று மலர் குரூப் பிள்ளைகள் ஒருத்தருக்கொருத்தர் காட்டிக்கொண்டார்கள். அவள் வாயை மூடியது சிரித்தார்களே என்கிற வெட்கத்தினால் மட்டும் இல்லை. முதலில் வருகிறதுக்குத்தான் அந்தப் பேர், அது உன்னுடையது, அதைத் தூக்கித் தனக்கு வைத்தால் உன்னை எங்கே வைப்பது என்று அந்தச் சின்னத் தலைக்குள் ஒரு கணக்கு ஓடியிருக்கிறது. அது நம் யாருக்கும் தெரியவில்லை. அதற்கப்புறம் அன்றைக்கு வகுப்பில் வேறு பாடமே நடக்கவில்லை. அஜித் எழுந்து, எங்க வூட்ல லாபம் எங்க அண்ணன், ரெண்டு எங்க அக்கா, மூணு நான் என்று சொல்ல, எல்லாரும் தங்கள் வீட்டை எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். ஒற்றைப் பிள்ளைகளுக்குத்தான் தலை கால் புரியவில்லை, எங்க வூட்ல நான் மட்டும்தான், நான்தான் லாபம் என்று ஒரே பெருமை.

உன் அப்பாவிடம் சொன்னேன். மறுபடி சொல்லு என்றார், சொன்னேன், மறுபடியும் சொல்லச் சொன்னார். அன்றிலிருந்து வீட்டில் அவளுக்குப் பேரே மாறிவிட்டது, ஏய் ரெண்டு, தண்ணி கொண்டா என்கிறார், அவளும் ராணி மாதிரி கொண்டுவருகிறாள். நேற்று எண்ணெய் தேய்த்துத் தலை வாரும்போது நான் மெதுவாகக் கேட்டேன், அக்கா மேல இவ்வளவு ஆசையை வெச்சிக்கினு போன்ல ஏன் பேச மாட்டேங்கற என்று. அவள் சொன்ன பதிலை நான் அப்படியே எழுதுகிறேன். "பேசினா அக்கா சரின்னு வெச்சிடறாங்க. பேசலன்னா இலக்கியா இலக்கியான்னு கூப்ட்டுக்கினே இருப்பாங்க." கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டு அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நீ என்னவென்றால் மறந்துவிட்டாள் என்கிறாய்.

இப்போது அந்த அட்டையைப் பிரி. பார்த்ததும் முதல் ஓரத்தில் இருப்பது வெறும் கோடு மாதிரிதான் தெரியும். ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் கொஞ்சம் சாய்த்துப் பிடி, வெள்ளைக் கிரேயான் மினுங்கும், எவ்வளவு அழுத்தி அடித்திருக்கிறாள் என்று தெரியும், தாளே பின்பக்கம் புடைத்துக்கொண்டிருக்கிறது. டீச்சர் அதைச் சுவரில் ஒட்ட ஆசைப்பட்டாள், நான்தான் கெஞ்சி வாங்கிக்கொண்டு வந்தேன்.

மற்றபடி பெரிய விசேஷம் ஒன்றும் இல்லை. குச்சிக்கிழங்கு இந்தத் தடவை பரவாயில்லை, நெல் கதிர் பிடித்துவிட்டது, மழை இன்னும் ஒன்று வந்தால் போதும், ஜாஸ்தி வந்தால்தான் பயம். செல்லியம்மாள் உன்னைக் கேட்டாள், வெளிநாட்டில் இருக்கிற பொண்ணு சாமைச் சோறு சாப்பிடுவாளா என்று சந்தேகத்தோடேதான் ஒரு பை தனியாகக் கட்டிக் கொடுத்தாள், அதையும் வைத்திருக்கிறேன், கஞ்சியாவது வைத்துக் குடி. நைட் டூட்டி முடிந்து வெறும் வயிற்றில் டீ குடிக்காதே. ரொம்ப நேரம் நின்றால் கால் வீங்குகிறது என்றாயே, படுக்கும்போது காலுக்குக் கீழே தலையணை வை, நர்சுக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டுமா என்று கேட்காதே, மற்றவர்களுக்குச் சொல்கிறவர்கள்தான் தங்களுக்குச் செய்துகொள்ள மாட்டார்கள். கல்யாணப் பேச்சு எதையும் நான் எடுக்கவில்லை, நிம்மதியாக வா.

ஆமாம், வா என்றுதான் எழுதுகிறேன். லீவை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்காதே, நாளைக்கே போய்க் கேள். பொங்கலுக்குப் புது நெல் வீட்டுக்கு வந்துவிடும், அதை அளக்கும்போது நீ பக்கத்தில் இருக்க வேண்டும் என்று உன் அப்பா சொல்லச் சொன்னார், அவராகச் சொல்ல அவருக்கு வாய் வராது. அடுத்த தடவை போன் போடும்போது இலக்கியா பேசாவிட்டால் வருத்தப்படாமல் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இரு, அவள் கேட்டுக்கொண்டுதான் இருப்பாள். அங்கே இருக்கிற சாமியும் இங்கே இருக்கிற சாமியும் சேர்ந்து உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். உன் கையால் தொடுகிற நோயாளி எல்லாம் எழுந்து நடக்கட்டும்.

என்னிடம் உனக்கு எத்தனை பிள்ளை என்று யாராவது கேட்டால் இத்தனை நாள் இரண்டு என்று சட்டென்று சொல்லிவிடுவேன். நேற்று ரேஷன் கடையில் ஒரு அம்மா கேட்டாள். லாபம், ரெண்டு என்று விரலை மடக்கிக் காட்டினேன், ஏனென்றால் முதல் ஆளுக்கு நம்பர் கிடையாது, பேர்தான் என்று இப்போது எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
ஒரு லாபமும் ஒரு ரெண்டும் பெற்ற
உன் அம்மா,
தெ. ஆண்டாள்.